உடலையும் மனதையும் அன்றாடம் பார்த்துக்கொள்ள: எதை முதலில் தொடங்குவது, எதை அடுத்துச் சேர்ப்பது

"இனிமேல் உடம்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்" என்று முடிவெடுத்தவர்கள் எழுதிவைக்கும் பட்டியல்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சு. காலை 5 மணிக்கு எழ வேண்டும், 5.10க்குத் தியானம், 5.30க்கு ஓட்டம், இனிப்பை நிறுத்த வேண்டும், இரவில் பத்துப் பக்கம் படிக்க வேண்டும், போனைத் தொடவே கூடாது. எல்லாம் வருகிற திங்கட்கிழமையிலிருந்து. வியாழக்கிழமைக்குள் அந்தத் தாள் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். கூடவே "எனக்கு மன உறுதி போதாது" என்ற தீர்ப்பையும் அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

மன உறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசைதான் தப்பு. தூக்கம் கெட்ட உடம்பில் எந்தப் புதுப் பழக்கத்தை ஏற்றினாலும் அது சுமையாகவே இருக்கும். அதனால் இங்கே தூக்கம் முதலில் வருகிறது. அடுத்து நடை, பிறகு சாப்பாடு, அதற்கும் பிறகுதான் மனதுக்கான பயிற்சிகள். ஒரு படி கால் ஊன்றிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

இதய நோய், நீரிழிவு, வலிப்பு, இருமுனை மனநிலைக் கோளாறு இவற்றில் ஏதாவது இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, தூக்க நேரத்தையும் உடற்பயிற்சியையும் மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் தூக்கக் குறைவே நோயைத் தூண்டிவிடக்கூடும்.

1. தொடங்கும் முன்: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு சிறிய நோட்டு, பேனா, தனியாக ஒரு அலாரம் கடிகாரம், காலைக் கடிக்காத ஷூ. இவ்வளவுதான் தேவை. தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் கருவிகள் இப்போதைக்கு வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில்கூட, கருவி காட்டும் எண் குறைந்திருந்தால் முகம் வாடிப்போகிறவர்கள் உண்டு.

முதல் ஏழு நாளும் மாலையில் இரண்டு நிமிடம் ஒதுக்கி இவற்றை மட்டும் குறியுங்கள்: முந்தைய இரவு விளக்கை அணைத்த நேரம், காலையில் எழுந்த நேரம், கடைசியாகக் காபியோ தேநீரோ குடித்த நேரம், நடந்த நிமிடங்கள், அன்றைய மனநிலைக்கு 1 முதல் 10க்குள் ஒரு எண்.

ஏன் எழுத வேண்டும்? நினைவு நம்மை ஏமாற்றும். "நான் தூங்குவதே இல்லை" என்பவரின் நோட்டில் படுக்கையில் கழிந்த நேரம் ஒன்பது மணி இருக்கும். "சீக்கிரமே படுத்துவிடுவேன்" என்பவரின் நோட்டில் விளக்கு நள்ளிரவு தாண்டித்தான் அணைந்திருக்கும். இருவருக்கும் வேண்டிய மாற்றம் வேறு வேறு. எழுதாமல் தொடங்கினால் இருவரும் ஒரே அறிவுரையைப் பின்பற்றி ஏமாந்துபோவார்கள்.

இதே வாரத்தில் ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்தால்தான் தெரியும். அளக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அளப்பதற்கு முந்தைய 30 நிமிடத்தில் காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். பட்டையை வெறும் கையில் சுற்றி, கையை மேசைமேல் இதயத்தின் உயரத்துக்கு வையுங்கள். அளக்கும்போது பேசக் கூடாது. கை கீழே தொங்கினாலோ பேசிக்கொண்டிருந்தாலோ எண் கூடுதலாகக் காட்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

2. எழும் நேரத்தை நிலைநிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எல்லாரும் படுக்கும் நேரத்தைத்தான் முதலில் மாற்றப் பார்க்கிறார்கள். இரவு 12 மணிக்குத் தூங்கிப் பழகியவர் 10 மணிக்கே படுத்து, இரண்டு மணி நேரம் புரண்டு, எரிச்சலோடு எழுகிறார். "தூங்கு" என்று உடம்புக்கு உத்தரவு போட முடியாது. "எழு" என்று போட முடியும். கைக்குள் இருக்கும் முனையைப் பிடித்தால் மறுமுனை தானாக நகரும்.

அதற்குக் காரணம் இரண்டு. விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். காலையில் ஒரே நேரத்தில் எழுந்தால் இரவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த அழுத்தம் நிறைந்துவிடும். இரண்டாவது, உடல் கடிகாரம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள நரம்பணுக் கூட்டம் ஒன்று, கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து நாளைக் கணக்கிடுகிறது. காலை வெளிச்சம் பட்ட நேரத்திலிருந்துதான் அதன் இரவுக் கணக்கும் தொடங்குகிறது.

ஆகவே, விடுமுறை நாளுக்கும் பொருந்தும்படி ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நோட்டில் உள்ள ஏழு நாளின் எழும் நேரங்களைப் பார்த்து, அவற்றுக்கு நடுவான ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. 5 மணி வேண்டியதில்லை. விடியுமுன் எழுவதற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. 7 மணிதான் உங்கள் வாழ்க்கைக்கு ஒத்துவரும் என்றால் 7 மணியே சரி. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியிலோ மாடியிலோ பத்துப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். மேகமூட்டமான பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வீட்டுக்குள் விளக்கு போட்டாலும் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். உள்ளே பளிச்சென்று தெரிந்தாலும் உடல் கடிகாரத்துக்கு அது போதாது.

இங்கே இடறும் இடங்கள் மூன்று. முதல் சில நாள் பகலில் தூக்கம் அசத்தும். "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்த அசதிதான் இரவுத் தூக்கத்தை முன்னால் இழுத்துவரப் போகிறது. அந்த நாட்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டுவதை மட்டும் தவிருங்கள். அடுத்தது பகல் தூக்கம். தவிர்க்க முடியாவிட்டால் 20 நிமிடம், அதுவும் மாலை 3 மணிக்கு முன்னால். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழ நேர்ந்து தலை கனக்கும், இரவுக்கான அழுத்தமும் வீணாகும். மூன்றாவது விடுமுறை நாள். ஞாயிறு இரண்டு மணி நேரம் பிந்தி எழுவது, உடம்பைப் பொறுத்தவரை, வாரந்தோறும் வேறொரு நேர மண்டலத்துக்குப் பறந்து திரும்புவதைப் போன்றது. திங்கட்கிழமைச் சோர்வில் பாதி அங்கிருந்து வருகிறது. அரை மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை.

இரவுப் பணி செய்பவர்களுக்கும் இதுவே அடிப்படை, நேரம் மட்டும் மாறும். பணி முடிந்து வரும் வழியில் வெயிலுக்குக் கண்ணாடி அணிந்து, அறையை நன்றாக இருட்டாக்கித் தூங்குங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள்.

3. இரவைத் தயார் செய்யுங்கள்

பெரியவர்களுக்கு நாள்தோறும் 7 மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ தூக்கம் வேண்டும். எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் படுக்க வேண்டிய நேரம் கிடைத்துவிடும்.

முதலில் காபியும் தேநீரும். காஃபின் அடினோசினின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு தூக்க அழுத்தத்தை மறைக்கிறது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கிறது. "குடித்தாலும் எனக்குத் தூக்கம் வருகிறதே" என்பார்கள். வரும், ஆனால் ஆழம் குறைந்திருக்கும். மதியத்துக்குப் பின் நிறுத்திப் பாருங்கள். நாளுக்கு நாலைந்து முறை குடிப்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். சில நாளுக்கு ஒன்றாகக் குறையுங்கள். மதுவும் இதே கணக்குதான்: சீக்கிரம் கண்ணயர வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும்.

போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அலாரம் கடிகாரத்தைத் தனியாக வாங்கச் சொன்னது இதற்காகத்தான். திரையின் வெளிச்சத்தைவிட, அதில் ஓடிக்கொண்டிருக்கும் செய்திதான் பெரிய தொந்தரவு. படுக்கும் நேரத்தில் வந்து விழுந்த ஒரு அலுவலகக் குறுஞ்செய்திக்குப் பதில் யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும்.

படுப்பதற்குச் சற்று முன் ஐந்து நிமிடம், நாளை செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதுங்கள். "வங்கி வேலை" என்று பொதுவாக எழுதாமல், "காலை 11 மணிக்குப் போய்ப் படிவத்தைக் கொடுக்க வேண்டும்" என்று விவரமாக எழுதுங்கள். மறந்துவிடுவோமோ என்று மனம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வேலையைத் தாள் எடுத்துக்கொள்ளும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்யப்போகும் வேலைகளை எழுதியவர்கள் விரைவாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுத இன்னும் விரைவாக.

இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்துவிடுங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் தூக்கமின்மைக்கு மருந்தில்லாமல் தரப்படும் சிகிச்சையின் மையமே இதுதான். படுக்கையில் விழித்தபடி கிடக்கக் கிடக்க, "இது கவலைப்படும் இடம்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது செய்துகொண்டிருந்து, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். மணி பார்த்தால் மிச்ச நேரத்தைக் கணக்குப் போடத் தொடங்கி, அந்தப் பதற்றத்திலேயே தூக்கம் முழுதாகக் கலையும். அந்த இரவு எப்படிப் போனாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்திருங்கள்.

4. நடையைச் சேர்க்கவும்

எழும் நேரம் ஓரளவு நிலைத்த பிறகு இங்கே வாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். மிதமான வேகம் என்பதை அறிய ஒரு எளிய வழி: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

150 என்ற எண்ணைப் பார்த்து மிரண்டு, முதல் நாளே ஒரு மணி நேரம் நடப்பவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் விடுகிறார்கள். பழக்கமில்லாத தசையின் வலி அன்றே தெரியாது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். இன்னும் நடக்கலாம் என்று தோன்றும்போதே வீடு திரும்புங்கள். வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டினால் போதும்.

நேரத்தைத் தனியாகத் தேடாதீர்கள். காலை வெளிச்சத்துக்காக எப்படியும் வெளியே போகிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தையே நடையாக்குங்கள். ஷூவை முந்தைய இரவே வாசலருகில் காலுறையோடு வைத்துவிடுங்கள். காலையில் தேட வேண்டிய பொருள் ஒன்று இருந்தாலும் அது போகாமலிருக்கச் சாக்காகிவிடும்.

நடை நிலைத்ததும் தசைப் பயிற்சி. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது போதும். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் இதைக் கட்டாயம் விடக்கூடாது. தசை கரைந்தால் விழும் வாய்ப்பு கூடும். நடை மட்டும் அதைத் தடுக்காது.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுங்கள்.

5. சாப்பாடு

இதில் நீளமாகச் சொல்லப் போவதில்லை. தூக்கமும் நடையும் சரியானால் பசியே பாதி ஒழுங்குக்கு வந்துவிடும். தூக்கம் குறைந்த மறுநாள் இனிப்புக்கும் வறுத்ததுக்கும் நாக்கு ஏங்குவது பலரும் அறிந்ததே.

நேரம் தவறாமல் சாப்பிடுவதிலிருந்து தொடங்குங்கள். என்ன சாப்பிடுவது என்பதைப் பிறகு பார்க்கலாம். பட்டினி கிடந்து இரவில் அள்ளிச் சாப்பிடுபவருக்கு எந்த உணவுப் பட்டியலும் உதவாது. அடுத்து, எதையும் நீக்காமல் ஒன்றைச் சேருங்கள்: நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாக 400 கிராம். தட்டில் அவை ஏறினால் மற்றவை தானாகக் குறையும். உப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். பொட்டலத் தின்பண்டங்களில் ஒளிந்திருப்பதும் இதில் அடங்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதுமானது என்று பொருள்.

6. மனதுக்கான பயிற்சிகள்

தியானத்தை ஏன் இவ்வளவு தள்ளி வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். தூக்கம் கெட்டவரைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால், ஒன்று தூங்கி விழுவார், அல்லது அடக்கிவைத்த கவலையெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். இரண்டு நாளில் "எனக்கு இதெல்லாம் வராது" என்று எழுந்துவிடுவார். உடம்பு சற்றுத் தெளிந்த பிறகு அதே மனிதர் அமைதியாக உட்காருகிறார்.

முதலில் மூச்சு. மூக்கின் வழியே 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கிவரும் வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு, நெஞ்சு விம்ம இழுத்து இழுத்து விடுவது. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி குறுகுறுக்கும். மூச்சு மெதுவாக இருக்கட்டும், பெரிதாக வேண்டாம்.

அடுத்தது கவலைக்கு ஒரு நேரம். மாலையில், படுக்கை நேரத்துக்கு வெகு முன்னால், 15 நிமிடம் ஒதுக்குங்கள். பகலில் எழும் கவலையை ஒரு வரியாகக் குறித்துவிட்டு, "இதை மாலையில் பார்க்கிறேன்" என்று வேலைக்குத் திரும்புங்கள். கவலைப்படாதே என்று மனதிடம் சொன்னால் கேட்காது. பிறகு பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளும். மாலையில் பட்டியலை எடுத்து, நாம் செய்யக்கூடியது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருந்தால் முதல் சிறு வேலையை எழுதுங்கள். இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சில கவலைகள் மாலை வரும்போது தாமாகவே வலுவிழந்திருக்கும்.

மனம் கனத்த நாளில், "மனம் சரியாகட்டும், பிறகு செய்கிறேன்" என்று காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வில் செயல்தான் முன்னால் போகும், மனம் பின்னால் வரும். ஒதுங்க ஒதுங்க நல்ல அனுபவங்கள் குறையும். குறையக் குறைய இன்னும் ஒதுங்கத் தோன்றும். இந்தச் சுழலை உடைக்க மிகச் சிறிய செயல் போதும்: குளிப்பது, ஒரு பாத்திரம் கழுவுவது, வாசல்வரை போய் வருவது. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலை எண்ணைக் குறியுங்கள். 3 என்பது 4 ஆனதைக் கண்ணால் பார்ப்பது, யாரும் சொல்லும் ஆறுதலைவிட நம்பத்தக்கது.

நெஞ்சை அழுத்தும் பழைய விஷயம் ஏதாவது இருந்தால் எழுதிப் பார்க்கலாம். 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் சோதித்த முறை இது: நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள், எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்படாமல் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதுவது. எழுதி முடித்ததும் சற்று நேரம் துக்கமாக இருக்கும், அது இயல்பு. யாரும் படிக்கக் கூடாது என்றால் கிழித்துவிடுங்கள். அண்மையில் நடந்த கொடும் நிகழ்ச்சியைத் தனியாக இப்படி எழுதத் தொடங்க வேண்டாம். அதற்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும்.

7. மனிதர்கள்

ஒவ்வொரு வாரமும் ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து, ஒரே ஒருவரை அழையுங்கள் அல்லது சந்தியுங்கள். "நேரம் கிடைக்கும்போது பேசலாம்" என்று விட்டால் மாதங்கள் ஓடிவிடும். 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வு, உறவுகள் வலுவாக உள்ளவர்கள் நீண்ட நாள் வாழும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. நூறு பேர் உள்ள குழுவில் வாழ்த்துப் போடுவதை இதில் சேர்க்காதீர்கள். எதிரில் இருப்பவர் "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?" என்று கேட்கக்கூடிய பேச்சாக இருக்க வேண்டும்.

8. விட்டுப்போன நாளில் என்ன செய்வது

21 நாளில் பழக்கம் படியும் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள்; இடைநிலை 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். 22ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஆகவே தவறிய நாளுக்கு மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு குறைந்த அளவை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: நடைக்கு ஐந்து நிமிடம், மூச்சுக்கு ஒரு நிமிடம். காய்ச்சல், பயணம், வீட்டில் ஒரு துக்கம் என்று வரும்போது குறைந்த அளவைக்கூட விட்டுவிட்டு எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பத் தொடங்கும்போதும் வரிசை அதேதான்.

9. தனியாகச் சமாளிக்கக் கூடாதவை

சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மேலே சொன்ன எந்தப் படியும் அதற்கு விடை அல்ல. அன்றே, அப்போதே, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். அவசர மருத்துவ உதவியையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். வேறொருவர் உங்களிடம் இதைச் சொன்னால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடிவிடாது.

இரண்டு வாரமாக ஏறக்குறைய எல்லா நாளும் மனம் சோர்ந்தே இருந்தாலோ, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் மனச்சோர்வு போலவே தோன்றும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் ஒன்றை மாதக்கணக்கில் தியானத்தால் தீர்க்க முயல வேண்டாம். தூக்கத்தில் பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அதற்கும் தனிச் சிகிச்சை உண்டு. இதைக் கூடப் படுப்பவர்தான் கவனித்துச் சொல்ல முடியும்.

போகும்போது நோட்டை எடுத்துச் செல்லுங்கள். "கொஞ்ச நாளாகவே சரியில்லை" என்பதைவிட, தூங்கிய நேரமும் மனநிலை எண்ணும் உள்ள மூன்று வாரப் பக்கங்கள் மருத்துவருக்கு மிகவும் உதவும். சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும், கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வது உட்பட, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மனநல மருந்து தரப்பட்டால், பலன் தெரியச் சில வாரம் ஆகலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சற்றுத் தேறியதும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டிய நேரத்தையும் குறைக்கும் விதத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டும். அடுத்து எப்போது வர வேண்டும் என்ற தேதியை வாங்கிக்கொண்டே அறையை விட்டு வெளியே வாருங்கள்.